உங்களுக்குத் தெரியுமா? – முத்துக்குளிப்போர் நாடியும் சிசுவின் இருதயமும்

தூத்துக்குடி முத்துப்பார்களில் கல்லின் பாரத்தோடு இறங்கியவர்களுக்கு, முகம் நீரில் அமிழ்ந்து மூச்சு அடங்கியவுடனே நாடியைத் தணித்துக் காத்த அதே தேக சுபாவத்தைக் கொண்டுதான், நிமிடத்துக்கு 220 தடவைக்கு மேல் திடீரெனத் துடிக்கத் தொடங்கிவிட்ட சிசுவின் இருதயத்தை வைத்தியர்கள் இன்றும் சாந்தப்படுத்துகிறார்கள்.

• பனிக்கட்டியும் நீரும் நிறைந்த பையை, மூக்கும் வாயும் மூடாதபடி, நெற்றியிலும் கண்களைச் சுற்றியும் சில விநாடிகள் வைப்பார்கள். இருதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு அதனால் தூண்டப்பட்டு, துடிப்பு பல வேளைகளில் சீரடைந்துவிடும்.

• இது வைத்தியசாலையில் மட்டுமே செய்யத்தக்க பிரயோகம்.

• ஆனால் துடிப்பின் எல்லா மாற்றமும் இத்தகையதன்று: சுவாசம் உட்புகுகையில் விரைந்தும், வெளியேறுகையில் தணிந்தும் மாறுகிற துடிப்பு குழந்தைகளுக்கு இயல்பே, வியாதியன்று.

• தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. சங்கு குளிப்போர் இன்றும் கடலில் மூழ்குகின்றனர்.