பைத்தான் 15% வேகமா? கணக்கைக் குழப்பிய கம்பைலர்!

புது வெர்ஷன் வேகமாக இருக்கிறது என்றால் யாருக்கும் சந்தோஷம்தான். ஆனா, 'எதைவிட வேகம்?' என்று கேட்கணும். 2025-ல் பைத்தான் விஷயத்தில் அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது.

என்ன அறிவித்தார்கள்?

நாம் எழுதும் பைத்தான் புரோகிராம், பைட்கோடு எனும் சின்னச் சின்னக் கட்டளைகளாக மாறும். அவற்றை ஒவ்வொன்றாக இயக்குவது இன்டர்பிரட்டர். 2025 பிப்ரவரியில், 3.14 வெர்ஷனுக்காக 'டெயில் கால்' என்ற புது முறை இதில் சேர்க்கப்பட்டது. கிளாங் 19 கம்பைலரில் சோதித்தபோது, பழைய முறையைவிட சராசரியாக 9 முதல் 15% வேகம் எனத் தெரிந்தது.

சந்தேகம் எப்படி வந்தது?

மார்ச்சில் நெல்சன் எல்ஹேஜ் என்ற பொறியாளர், பழைய முறையை வேறு கம்பைலர்களிலும் பில்ட் செய்து ஒப்பிட்டார். ஜிசிசி, கிளாங் 18 ஆகியவற்றோடு ஒப்பிட்டால் லாபம் 1 முதல் 5% மட்டுமே!

புது முறை அவ்வளவு வேகமாக ஓடவில்லை. கிளாங் 19-ல் பழைய முறை சுமார் 10% மெதுவாகிவிட்டது. அதனால்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது.

ஏன் மெதுவானது?

பழைய முறையில், ஒரு கட்டளை முடிந்த இடத்திலிருந்தே அடுத்த கட்டளைக்கு நேராகத் தாவலாம். கம்பைல் செய்ய அதிக நேரமும் மெமரியும் ஆகாமல் தடுக்க, கிளாங் 19-ல் ஒரு வரம்பு கொண்டுவந்தார்கள். பைத்தான் இன்டர்பிரட்டர் அந்த வரம்பில் மாட்டிக்கொண்டது. விளைவு, எல்லாக் கட்டளைகளும் ஒரே பொதுவான இடத்துக்கு வந்துதான் அடுத்ததுக்குப் போக வேண்டியதாயிற்று. ஊர் முழுக்க ஒரே சிக்னல் வழியாகப் போவது மாதிரி!

கிளாங் 20-ல் இது சரிசெய்யப்பட்டது. பைத்தான் ஆவணத்திலும் வேக அளவு 3 முதல் 5% எனத் திருத்தப்பட்டது. புது முறையை உருவாக்கியவர் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார்.

உங்க புரோகிராம் மெதுவானால்?

* அப்டேட்டுக்குப் பிறகு வேகம் குறைந்தால், உடனே வெர்ஷனைக் குறை சொல்லாதீர்கள். டெர்மினலில் பைத்தானைத் திறந்தாலே, எந்தக் கம்பைலரில் பில்ட் ஆனது என்று காட்டும். இரண்டு வெர்ஷன்களிலும் அது ஒன்றுதானா என்று பாருங்க.

* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க. வெர்ஷன், கம்பைலர், மெஷின் மூன்றையும் சேர்த்து மாற்றினால், காரணம் எதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

* ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீங்க. பலமுறை ஓட்டி அளக்க, 'பைபெர்ஃப்' போன்ற டூல்கள் இருக்கின்றன.