தமிழ் எழுத்தின் அகலமும் நிரல் தொகுப்பியும்

ஒலியை அளக்க மாத்திரை என்னும் அலகைத் தமிழ் இலக்கணத்தார் வகுத்தனர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது தொல்காப்பியம் கூறும் அளவு. ஆனால் வரிவடிவத்தின் அகலத்தை மாத்திரை உணர்த்துவதில்லை. 'கா' இரண்டு மாத்திரை, 'கொ' ஒரு மாத்திரை. எழுதுங்கால் 'கொ'வே மிகுதியான இடத்தைக் கொள்கிறது. 'க' ஒரு மாத்திரை, 'க்' அரை மாத்திரை. இரண்டும் கொள்ளும் இடம் ஏறத்தாழ ஒன்றே. கணினியில் தமிழ் எழுத்தின் அகலத்தை எவ்வாறு அளப்பது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

1. தட்டச்சு மரபு

கணினி நிரலை எழுதித் திருத்தும் கருவி நிரல் தொகுப்பி ஆகும். கர்சர் எனப்படும் இடஞ்சுட்டி வரியில் எங்கு நிற்க வேண்டும் என்பதை அது கணக்கிட வேண்டும். ஒரு ரோமன் எழுத்தின் அகலத்தை அளந்து, எழுத்துகளின் எண்ணிக்கையால் பெருக்குவது எளிய முறை. எல்லா எழுத்துகளும் ஒரே அகலமுடைய எழுத்துருவில் இது பிழைபடுவதில்லை. தட்டச்சுப் பொறியின் மரபும் இதுவே. எனினும் 1930களில் ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வழிவந்த விசைப்பலகையில், புள்ளியை அடிக்கும்போது உருளை நகராது. அடுத்து அடிக்கும் எழுத்தின்மேல் புள்ளி அமையும். ஆகவே ஒவ்வொரு குறிக்கும் தனியிடம் தேவையில்லை என்பது அப்போதே உணரப்பட்டது எனலாம்.

2. எண்ணிக்கையும் அகலமும்

'கொக்கு' என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று. யூனிகோடு முறையில் இதற்கு 6 குறியீடுகள். ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து எழுதின் 7. யூடிஎஃப்-8 வடிவில் 6 குறியீடுகளும் 18 பைட்டுகளாகின்றன. இவற்றுள் எந்த எண்ணால் ரோமன் எழுத்தின் அகலத்தைப் பெருக்கினாலும் சொல்லின் உண்மை அகலம் கிடைப்பது தற்செயலே. கணக்குப் பிழைத்தால் இடஞ்சுட்டி ஓரிடத்தில் தோன்றும். அழிப்பு விசையோ வேறிடத்தில் செயற்படும். பயனர் அறியாமலே நிரலில் உள்ள சொல் மாறிவிடும்.

3. தீர்வு

இங்கு இரு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். இடஞ்சுட்டி எங்கு நிற்கலாம் என்பது முதல் வினா. உயிர்மெய்யின் நடுவே அது நிற்றலாகாது. யூனிகோடின் எழுத்தெல்லை விதிகள் 'கொ', 'க்', 'கு' ஆகியவற்றை ஒவ்வோர் அலகாகவே கொள்கின்றன. ஆனால் 'க்ஷ' என்பதை அவற்றின் பொதுவிதி 'க்', 'ஷ' என இரண்டாகப் பிரிக்கும். அதற்குத் தனிவிதி சேர்த்தல் வேண்டும்.

அவ்விடம் எத்தனை தொலைவில் உள்ளது என்பது இரண்டாம் வினா. இதற்கு விடை எழுத்துருவில்தான் உள்ளது. வரித்தொடக்கம் முதல் ஒவ்வோர் எழுத்தெல்லை வரையிலும் உள்ள பகுதியை, ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைப்பு மென்பொருளைக் கொண்டு அளத்தல் தகும். எழுத்துருவோ அதன் அளவோ மாறும்போது மீண்டும் அளத்தல் இன்றியமையாதது.

எழுத்தின் எல்லையை மொழியின் அமைப்பிலிருந்தும், அதன் அகலத்தை எழுத்துருவிலிருந்தும் பெறுதல் வேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றதை ஊகிப்பதே பிழைக்குக் காரணமாகிறது.