உங்களுக்குத் தெரியுமா? சுவர் ஓதத்துக்கு ஒரு பாலித்தீன் சோதனை

சுவரில் ஓதம் ஏறி பெயின்ட் உப்பிக்கொண்டு வருகிறதா? உடனே பட்டி பார்த்து மறுபடி பெயின்ட் அடிப்பது வீண் செலவு. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது: குழாய்க் கசிவு, வெளிச்சுவர் விரிசல், அஸ்திவாரத்திலிருந்து ஏறும் தண்ணீர், இவற்றில் ஏதோ ஒன்று. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றுதான் காரணம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் குறையும்.

சுவரில் வெள்ளைப் பொடியாகப் பூப்பது பெரும்பாலும் பூஞ்சை அல்ல, உப்பு. செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவந்துவிட்டு, தான் ஆவியாகிவிடுகிறது. ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, பொடியைக் கூட்டி அள்ளிவிடுங்கள்.

பழைய செங்கல் வீடுகளுக்குச் சுண்ணாம்பு இன்றும் அருமையான பூச்சு. உள்ளே இருக்கும் ஈரத்தை அது வெளியே விடும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல இறுகும். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை அண்டாது.