தொழில்முறை நெடுந்தூர ஓட்ட வீரர் யார்? மதுரைச் சமவெளியை முன்வைத்து ஒரு விளக்கம்

திறவுச்சொற்கள்: நெடுந்தூர ஓட்டம், தொழில்முறை, பயில்முறை, விளையாட்டு ஒதுக்கீடு, மதுரை, அரசுப்பணி

முன்னுரை

மதுரை ரேஸ்கோர்ஸ் பகுதியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் விடியற்காலையில் ஓடுவோரைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அனைவரும் ஒரே கூட்டமாகவே தோன்றுவர். அருகில் சென்றால் வேறுபாடு தெரியும். காவலர் தேர்வின் உடல்திறன் சுற்றில் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் முடிக்கவேண்டும் என்பதற்காக ஓடும் இளைஞர் ஒருபுறம். இராணுவ ஆள்சேர்ப்பு முகாமின் 1.6 கிலோமீட்டரைக் கருதி ஓடுபவர் மற்றொருபுறம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஆயத்தமாகும் கல்லூரி மாணவியர், மருத்துவர் அறிவுரையால் சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்த வந்தவர், ஏற்கெனவே ஏதேனும் ஒரு துறையில் பணிபெற்று அத்துறைக்காகப் போட்டியிடுபவர் ஆகியோரும் அதே தடத்தில் உள்ளனர். இவர்களுள் எவரைத் ‘தொழில்முறை’ ஓட்ட வீரர் என்பது? ஓட்டத்தால் பணம் ஈட்டுபவரே அத்தகுதி உடையவர் என்னும் பொதுக்கருத்து இச்சமவெளியின் நடைமுறைக்குப் பொருந்துகிறதா என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

‘தொழில்முறை’, ‘பயில்முறை’ என்னும் இணைச்சொற்கள் தமிழாய்வில் நாடக வரலாற்றின் வழியே நன்கு அறிமுகமானவை. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தோற்றுவித்த சுகுண விலாச சபை பயில்முறைக் குழு. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் உருவாக்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொழில்முறைக் குழு. முன்னதன் உறுப்பினர்க்கு வழக்கறிஞர் தொழில் போன்ற வேறு வாழ்வாதாரங்கள் இருந்தன. பின்னதன் சிறுவர்க்கு நாடகமே உணவும் உறைவிடமும் தந்தது. மேடைக்கு வெளியே ஒருவர்க்குப் பிழைப்பு உண்டா இல்லையா என்பதே அங்குப் பிரிகோடு. கலைத்திறனில் எவர் உயர்ந்தவர் என்பது அங்கு வினாவன்று.

ஓட்டத்திற்கு இதே பிரிகோட்டைப் பொருத்தினால் ஒரு வியப்பான முடிவு கிடைக்கும். ஓடுவதற்காகவே கூலி பெற்ற தொழிலாளர்களுள், மணி கட்டிய ஈட்டியுடன் கடிதப் பைகளைச் சுமந்து ஊர்தோறும் ஓடிய தபால்காரர்களும் அடங்குவர். ஒருவர் ஓடிக் களைத்த இடத்தில் மற்றொருவர் பையைப் பெற்றுக்கொண்டு தொடர்ந்தார். அவர்கள் மறைந்த பின்னும் அந்த முறை சொல்லாகத் தங்கிவிட்டது: கோலைக் கைமாற்றி ஓடும் போட்டியை நாம் இன்றும் ‘அஞ்சல் ஓட்டம்’ என்கிறோம்.

பெயரிலிருந்து நீங்கிய ‘அமெச்சூர்’

உலகளவில் ‘தொழில்முறை’ என்பது நெடுங்காலம் தகுதியாக இருக்கவில்லை, தகுதியிழப்பாகவே இருந்தது. 1912இல் தோன்றிய உலகத் தடகள அமைப்பு ‘சர்வதேச அமெச்சூர் தடகளக் கூட்டமைப்பு’ என்றே தன்னை அழைத்துக்கொண்டது. ஒன்பது ஒலிம்பிக் தங்கப்பதக்கங்கள் வென்ற பின்லாந்து நாட்டு நெடுந்தூர வீரர் பாவோ நூர்மி, செலவுத்தொகைக்கு மேல் பணம் பெற்றார் என்னும் குற்றச்சாட்டால் 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓட இயலாமற்போனார். 1982இல் வீரர்தம் வருவாயைப் பொறுப்பு நிதியமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அக்கூட்டமைப்பு ஏற்றது. 1997 ஏதென்ஸ் உலக வாகையர் போட்டியில் பரிசுப்பணம் நேரடியாக வழங்கப்பட்டது. 2001இல்தான் ‘அமெச்சூர்’ என்னும் சொல் பெயரிலிருந்து நீக்கப்பட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தடகளத் தங்கம் ஒவ்வொன்றுக்கும் 50,000 டாலர் என அதே அமைப்பு அறிவித்தது. நூர்மியை விலக்கிய அமைப்பு 92 ஆண்டுகளில் எதிர்த்திசையின் எல்லைக்கே சென்றுவிட்டது எனலாம்.

இந்தியாவில் 1946இல் தொடங்கப்பெற்ற தேசியக் கூட்டமைப்பும் ‘அமெச்சூர்’ என்னும் அடையைத் தாங்கியிருந்தது. அந்த அடை இங்கு மறைந்ததற்கும் சந்தை தோன்றியதற்கும் தொடர்பு மிகக் குறைவு. தில்லி அரை மாரத்தான், மும்பை மாரத்தான் போன்ற பெருநகர ஓட்டங்களில் இந்தியர்க்கெனத் தனிப் பரிசுப் பட்டியல் உண்டு என்பது உண்மையே. ஆயினும் அவை ஆண்டுக்கு ஒருமுறை வருபவை. ஒருவர் அத்தகைய நீண்ட ஓட்டங்களை ஆண்டில் மிகச் சிலமுறைதான் முழுவேகத்தில் ஓட இயலும். மாவட்ட அளவில் நிலைமை வேறு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் அறிஞர் அண்ணா பெயரிலான ஓட்டத்தில் முதற்பரிசு 5,000 ரூபாய். (‘மாரத்தான்’ என்பது 42.195 கிலோமீட்டர் ஓட்டத்திற்கே உரிய பெயர். 5, 8, 10 கிலோமீட்டர் ஓட்டங்களையும் அப்பெயராலேயே வழங்குவது தமிழ்நாட்டு வழக்காகிவிட்டது.) ஊர்த் திருவிழாக்களிலும் பொங்கல் விழாக்களிலும் கேடயமும் சிறுதொகையும் கிடைக்கும். இத்தொகைகளால் ஒரு குடும்பம் நடத்த இயலாது என்பதற்குக் கணக்கீடு தேவையில்லை.

வரிச்சட்டம் காணும் வீரர்

‘தொழில்முறை வீரர்’ என்பதை நேரடியாகக் கையாண்ட இந்திய ஆவணங்களுள் குறிப்பிடத்தக்கது, மத்திய நேரடி வரிகள் வாரியம் 1986 ஜனவரி 22 அன்று வெளியிட்ட 447ஆம் எண் சுற்றறிக்கை. தொழில்முறை சாராத வீரர் பெறும் பரிசு, அவர்மீதுள்ள மதிப்பின் வெளிப்பாடான கொடை போன்றது; ஆகவே வரிக்கு உட்படாது. தொழில்முறை வீரர் பெறும் பரிசோ தொழில்வழி வந்த பயன். ஆகவே வரிக்கு உட்படும். இதுவே அச்சுற்றறிக்கையின் சாரம். 2004க்குப் பிந்தைய திருத்தங்களால் பெருந்தொகைக் கொடைகளும் வரிவலைக்குள் வந்தமையின் அதன் பயன் குறுகிவிட்டது. அரசு வழங்கும் விருதுகளுக்கு 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 10 (17அ) பிரிவு தனியே விலக்கு அளித்தது. எனினும் அச்சுற்றறிக்கை வகுத்த வேறுபாடு கருத்தளவில் முதன்மையானது. அதன்படி நோக்கினால், மாதச் சம்பளம் பெறும் இரயில்வே ஊழியர் ஒருவர் நாட்டுக்காக ஓடினாலும் அவருடைய வருவாய் ஊழியத்தின் வருவாயே, ஓட்டத்தின் வருவாயன்று. தாளில் அவர் பயில்முறை வீரர். அவ்வூழியம் அவருக்குக் கிடைத்ததே ஓட்டத்தால்தான் என்பதைத் தாள் காட்டுவதில்லை.

பணியிடமே தொழில்

இந்திய நெடுந்தூர ஓட்டத்தின் வரலாறு பெரும்பாலும் சீருடை அணிந்தவர்களின் வரலாறு. 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடி, நாற்பதாண்டுகளுக்கும் மேலாக நின்ற தேசியச் சாதனையை நிகழ்த்திய சிவநாத் சிங் இராணுவத்தினர். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோ. இலட்சுமணனும் இராணுவத்தினரே. அவர் 2017 புவனேசுவரம் ஆசிய வாகையர் போட்டியில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே இரட்டைத் தங்கத்தை 2025இல் தென்கொரியாவின் குமியில் வென்ற குல்வீர் சிங்கும் இராணுவத்தினர் என்பதைத் தற்செயல் என ஒதுக்க இயலாது. மாதச் சம்பளம், உணவு, மருத்துவம், பயிற்சிக்கான நேரம் ஆகிய நான்கையும் ஒருசேரத் தரும் அமைப்பு இந்நாட்டில் வேறொன்று இல்லை.

இலட்சுமணனின் 2018 ஜகார்த்தா அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்த அவர், தடத்தின் உட்கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார் என்பதற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார், வெண்கலம் பறிபோயிற்று. பின்னர் மத்திய விளையாட்டு அமைச்சர் அவருக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்கினார். விதிப்படி அது பதக்கத்துக்குரிய பரிசு ஆகாது. 1986 சுற்றறிக்கை கூறிய ‘மதிப்பின் வெளிப்பாடு’ என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மதுரைக்கு வருவோம். சக்கிமங்கலத்தைச் சேர்ந்த வீ. ரேவதி நெடுந்தூர வீராங்கனை அல்லர்; 400 மீட்டர் ஓடுபவர். ஆயினும் இச்சமவெளியில் ஒருவர் ‘தொழில்முறை’ ஆகும் பாதையை அவர் வாழ்க்கை படிப்படியாகக் காட்டுகிறது. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். காலணியின்றி ஓடிய அவரைப் பயிற்றுநர் கண்ணன் அடையாளம் கண்டார். டோக் பெருமாட்டி கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைத்தன. பின்னர்த் தெற்கு இரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் பணி. 2021 ஜூலையில் பாட்டியாலா தகுதிச்சுற்றில் 53.55 விநாடியில் ஓடி, டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 கலப்பு அஞ்சல் ஓட்ட அணியில் இடம்பெற்றார். இவ்வரிசையில் பரிசுப்பணமோ விளம்பர ஒப்பந்தமோ எந்த இடத்திலும் திருப்புமுனையாக இல்லை. கல்லூரி விடுதியும் இரயில்வே பணியும்தாம் திருப்புமுனைகள்.

பணி வாய்க்காதவர் நிலையைப் புதுக்கோட்டையின் சாந்தி சௌந்தரராஜன் வழி அறியலாம். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனையின்பேரில் இழந்த அவர், 2012இல் செங்கல் சூளையில் கூலி வேலை செய்ததைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. பின்னர் அவர் பயிற்றுநர் பட்டயம் பெற்று விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பணியமர்ந்தார். அவர் மீட்சியும் பணியிடம் ஒன்றின் வடிவிலேயே வந்தது.

நேரமும் கடமையும்

பணத்தை விடுத்து நேரத்தை அளவுகோலாகக் கொள்ளலாமா? பாரிஸ் ஒலிம்பிக்கிற்கான நேரடித் தகுதி நேரம் ஆடவர் மாரத்தானில் 2:08:10. 10,000 மீட்டரில் 27:00.00. குல்வீர் சிங் 2025 மார்ச்சில் அமெரிக்காவில் ஓடிய நேரம் 27:00.22. கால் விநாடிக்கும் குறைவான அந்த இடைவெளியால் அவர் தொழில்முறை வீரர் அல்லர் என்று எவரும் கூறார். நேரம் திறனை அளக்கும், வாழ்க்கைமுறையை அளக்காது.

ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்போ வருவாயைக் கேட்பதே இல்லை. 2021 தொகுப்பு ‘பொழுதுபோக்கு வீரர்’ என ஒரு வகையை ஏற்படுத்தி, முந்தைய ஐந்தாண்டுகளில் தேசிய, பன்னாட்டு நிலையில் இருந்தோரை அவ்வகையிலிருந்து விலக்குகிறது. பதிவுசெய்யப்பட்ட சோதனைப் பட்டியலில் உள்ளவர் நாள்தோறும் ஒரு மணிநேரம் தாம் இருக்கும் இடத்தை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். பன்னிரண்டு மாதங்களில் மூன்றுமுறை தவறினால் தடை. பொறுப்புகளைப் பொறுத்தவரை அவர் முழுமையான தொழிலர். அப்பொறுப்புக்குக் கூலி எவர் தருவார் என்பது அத்தொகுப்பின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இடமும் ஒரு தடையாகிறது. மதுரை கடல்மட்டத்திலிருந்து நூற்றைம்பது மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ள வெப்பச் சமவெளி. நெடுந்தூர வீரர்கள் குருதியின் சிவப்பணுக்கள் பெருகுவதற்காக வாரக்கணக்கில் மலைப்பகுதிகளில் தங்கிப் பயில்வர். 2,200 மீட்டர் உயரத்திலுள்ள உதகை இந்திய அணியினர் பயன்படுத்திய இடங்களுள் ஒன்று. கூலி வேலைக்குச் செல்பவர்க்கு மாதக்கணக்கான மலைவாசம் கைகூடாது. சிறப்புத் தற்செயல் விடுப்பும் பயிற்சிமுகாம் அனுமதியும் பெற்ற துறைப்பணியாளர்க்கே அது இயலும்.

படிவங்களின் அரசியல்

அவ்வாறாயின், அப்பணியைப் பெறும் தகுதி எது? மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு நெறிமுறைகள் நாட்டையோ மாநிலத்தையோ பல்கலைக்கழகத்தையோ பள்ளி அணியையோ சார்ந்து ஆடியதற்கான சான்றுகளை எண்ணிட்ட படிவங்களில் கேட்கின்றன. பன்னாட்டுப் போட்டிக்கு ஒரு படிவம், தேசியப் போட்டிக்கு மற்றொன்று, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு வேறொன்று. தமிழ்நாட்டிலும் அரசுப்பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. இவையனைத்தும் பிரதிநிதித்துவத்தை அளக்கின்றன. நுழைவுக்கட்டணம் செலுத்தி எவரும் பங்கேற்கக்கூடிய சாலை ஓட்டத்தில் ஒருவர் தம் பெயரில் மட்டுமே ஓடுகிறார். எந்த அணியையும் சார்ந்து ஓடுவதில்லை. உலகின் பிற பகுதிகளில் தொழில்முறை நெடுந்தூர ஓட்டம் என்பதே பெரிதும் சாலை ஓட்டத்தைச் சார்ந்து நிற்க, இங்கு அவ்வோட்டத்தின் வெற்றி அப்படிவங்களின் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. ஆகவேதான் இச்சமவெளியின் பயிற்றுநர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயது மாணவியரைப் பரிசுப்பணம் தரும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தைவிடப் பல்கலைக்கழகக் குறுக்குநாட்டு ஓட்டத்திற்கு அனுப்ப விழைவதில் பொருள் இருக்கிறது. முன்னதில் அன்றே கையில் பணம். பின்னதில் கிடைப்பது ஒரு தாள். கல்லூரிப் படிப்பு முடிந்தபின் பின்னதைப் பெறும் வாய்ப்பு அவர்களுக்கு மீண்டும் வருவதில்லை.