உங்களுக்குத் தெரியுமா? முதல் வெற்றி சேப்பாக்கத்தில்!

1932-இல் லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆடிய இந்தியா, வெற்றியை ருசிக்க 20 ஆண்டுகள் ஆயின. 25-ஆவது டெஸ்டில், 1952 பிப்ரவரி 10 அன்று, சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை இன்னிங்ஸ் மற்றும் 8 ரன்களில் வீழ்த்தியது விஜய் ஹசாரே தலைமையிலான அணி.

• சுழலில் மிரட்டிய வினு மன்கட் எடுத்தவை 12 விக்கெட்டுகள். முதல் இன்னிங்ஸில் மட்டும் 8.

• விக்கெட் கீப்பர் புரோபிர் சென் 5 பேரை ஸ்டம்பிங் செய்தார்.

• பங்கஜ் ராய், பாலி உம்ரிகர் சதமடித்தனர்.

• முதல் நாளன்றே இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமானார். அதனால் மறுநாளை ஓய்வு நாளாக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

• 5 டெஸ்ட் கொண்ட அந்தத் தொடரும் 1–1 என்று சமன் ஆனது.