செய்தித்தாள், இதழ்களை மேற்கோள் காட்டுதல்

ஆய்வேட்டில் ஒரு செய்தித்தாளையோ இதழையோ சான்றாகக் காட்டும்போது, படிப்பவர் அதே பக்கத்தைத் தேடி எடுக்கும் அளவுக்கு விவரம் தர வேண்டும். "தினமணி, 2015" என்று மட்டும் எழுதினால் அவர் ஓராண்டுத் தாள்களையும் புரட்ட நேரிடும்.

பொதுவான அமைப்பு இது: கட்டுரையாளர் பெயர், "தலைப்பு", இதழின் பெயர் (பதிப்பு ஊர்), நாள், பக்கம். வார, மாத இதழ்களுக்கு மலர், இதழ் எண்களும் சேரும். இணையத்தில் படித்ததாயின் முகவரியும் பார்த்த நாளும் வேண்டும். தலைப்பைப் பின்னர் மாற்றிவிடுவதுண்டு. "நமது நிருபர்" என்பது ஆசிரியர் பெயரன்று. அத்தகைய செய்திக்குத் தலைப்பையே முதலில் எழுத வேண்டும்.

பலரும் விட்டுவிடுவது பதிப்பு ஊரை. தாம்பரம் ஏரி பற்றிய செய்தி சென்னைப் பதிப்பில் பெரிதாக வரும். மதுரைப் பதிப்பில் வராமலே போகலாம், வேறு பக்கத்திலும் இருக்கலாம். இக்காரணத்தால் சிகாகோ முறை நாளிதழுக்குப் பக்க எண்ணைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் பழைய தமிழ்த் தாள்களை இன்னும் நூலகக் கட்டுகளில்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே ஊரையும் பக்கத்தையும் சேர்த்தே தருவது நல்லது.

மேற்கோளின் வாசகத்தைத் திருத்தக் கூடாது. 2015 வெள்ளச் செய்தியில் தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டம் என்றே இருக்கும். செங்கல்பட்டு மாவட்டம் 2019இல்தான் உருவானது. அச்சில் உள்ளதை அப்படியே எழுதி, விளக்கத்தைச் சதுர அடைப்புக்குள் தரலாம்.

பெயர்க் குழப்பமும் உண்டு. "கல்கி, 1950" என்றால் எழுத்தாளரா, 1941இல் அவர் தொடங்கிய வார இதழா? 'பொன்னியின் செல்வன்' அவ்விதழில் தொடராக வந்த கதை. தொடரைப் பார்த்தவர் இதழின் நாளையும், நூலைப் பார்த்தவர் பதிப்பாண்டையும் குறிக்க வேண்டும்.

கண்ணால் காணாத இதழைக் கண்டதுபோல் காட்டுவதுதான் பெரிய தவறு. பாரதியின் 'இந்தியா' வார இதழ் 1906இல் சென்னையில் தொடங்கி, 1908இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. அதில் பல கட்டுரைகள் பெயரின்றி வெளிவந்தவை. அவை பாரதி எழுதியவை என்பது பின்னர் தொகுத்தவர்கள் ஆராய்ந்து எடுத்த முடிவு. மாணவர் சீனி. விசுவநாதன் தொகுத்த நூலில் படித்துவிட்டு 'இந்தியா' இதழை மட்டும் குறித்தால், அந்த முடிவு யாருடையது என்பது மறைந்துபோகும். தொகுத்தவரின் உழைப்பும் மறைந்துபோகும். "'இந்தியா', இன்ன நாள், மேற்கோள்: சீனி. விசுவநாதன் (தொகுப்பு), பக்கம் இன்னது" என்று எழுதுவதில் குறைவொன்றும் இல்லை. மூல இதழையே பார்க்க விரும்பும் தென்சென்னை மாணவர்கள் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். அங்கே பழைய இதழ்கள் பலவற்றை நுண்படச் சுருளில் காணலாம். அப்படிப் பார்த்தால் "நுண்படம்" என்பதையும் நூலகத்தின் பெயரையும் குறிப்பில் சேர்க்க வேண்டும்.