கடல் சுருங்கியது, காற்று மாறியது

நடுப்பகல் வெயிலில் மணல் காலைச் சுடுகிறது. அருகிலுள்ள குளத்து நீரோ இதமாக இருக்கிறது. கவனித்திருப்பீர்கள் அல்லவா? நீர் மெல்லச் சூடேறி, மெல்லக் குளிரும். எனவே பெரிய நீர்நிலைகளை அடுத்த ஊர்களில் வெயிலும் குளிரும் சற்றுத் தணிந்தே இருக்கும்.

நீர்நிலை வற்றினால் என்ன ஆகும்? மத்திய ஆசியாவின் ஆரல் கடல் விடை சொல்கிறது. பெயர்தான் கடல், உண்மையில் அது ஓர் உப்பேரி. 1960-இல் அதன் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர். அதற்கு நீர் தந்த அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்திச் சாகுபடிக்காக அன்றைய சோவியத் அரசு திருப்பிவிட்டது. பருத்தி செழித்தது, கடல் சுருங்கியது.

அத்துடன் நிற்கவில்லை. கோடை மேலும் சுட்டது. குளிர்காலம் மேலும் கடுமையாயிற்று. வறண்ட கடற்படுகையிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் கலந்த தூசியைக் காற்று வாரிச் சென்று, வயல்களிலும் மக்களின் மூச்சிலும் சேர்த்தது. மனிதன் கடலை மாற்றினான். கடல் அவன் வாழ்வை மாற்றியது.

இதற்கு மாற்று இல்லையா? 2005-இல் கஜகஸ்தான் கோக்-ஆரல் அணையைக் கட்டி முடித்தது. சிர் தாரியா நீர் வடபகுதியில் தேங்கியது, உப்பு குறைந்தது, மீன்கள் திரும்பின. தென்பகுதியோ பெரும்பாலும் பாலையாகவே கிடக்கிறது.

ஒரு கோடை மாலையில், உங்கள் ஊர் ஏரிக்கரையிலும் கடைத்தெருவிலும் வெப்பமானியை நிழலில் வைத்து அளந்து பாருங்கள். ஏரியின் அருமை எண்களில் தெரியும்.